பலகாரப் பாக்கெட்டின் லேபிள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

உணவு பற்றிய செய்திகள் அடுக்கடுக்காக வந்துகொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு தடை போட்டது. ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமி கொல்லும் வாயுவின் எச்சம் இருப்பதாக ஹாங்காங் அறிவித்தது. சிங்கப்பூர் ஒரு மீன் மசாலாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. ஜூனில், பழச்சாறு டப்பாக்களில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு மாநிலத்தில் ஓராண்டுத் தடை. அதே ஆண்டு அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுப்படி இல்லாத பானங்கள் 'ஓஆர்எஸ்' (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்ற பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மத்திய உணவு ஆணையம் சொன்னது.

செட்டிநாட்டில், அதாவது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்தச் செய்திகளைச் சும்மா படித்துவிட்டுப் போய்விட முடியாது. தேன்குழலும் சீப்புச் சீடையும் மனகோலமும் மசாலாப் பொடியும் இங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. வாங்குகிறவர்களும் உள்ளூரோடு நிற்பதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் போகிறது.

இந்தச் செய்திகளால் மக்களிடம் இரண்டு எதிரெதிரான எண்ணங்கள் பரவியிருக்கின்றன. ஒன்று, 'அரசாங்க நம்பர் போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?' என்பது. இன்னொன்று, 'பாக்கெட்டில் வருவது எல்லாமே விஷம்' என்பது. இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. லேபிள் என்பது தயாரித்தவர் எழுதித் தரும் வாக்குமூலம். அந்த வாக்குமூலம் உண்மையா, பண்டம் கெடுதல் இல்லாததா என்று சோதித்துப் பார்ப்பது வேறு வேலை.

## சட்டம் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது

1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006. இது நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட்டில். இதன்கீழ் விதிகளை வகுப்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய ஆணையம். ஊரில் வந்து மாதிரி எடுப்பது மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரிகள்.

பழைய சட்டத்தில் தவறான லேபிள் தனியே இருந்தாலும், தரக்குறைவும் கெடுதலும் 'கலப்படம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். புதிய சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது:

1. தரக்குறைவானது. நிர்ணயித்த அளவுக்கு வரவில்லை, ஆனால் சாப்பிட்டால் கெடுதல் என்று சொல்ல முடியாது. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2. தவறான லேபிள் உள்ளது. பண்டம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பதும் மேலே எழுதியிருப்பதும் பொருந்தவில்லை, அல்லது எழுத வேண்டியதை எழுதவில்லை. 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

3. பாதுகாப்பற்றது. அனுமதியில்லாத சாயம், நஞ்சு, அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி, கிருமி போன்றவை உள்ளவை. இதற்குச் சிறைத் தண்டனை வரை போகும்.

கடலை எண்ணெயில் சுட்டது என்று எழுதிவிட்டுப் பாமாயிலில் சுட்டால் அது இரண்டாவது வகை. மிளகாய்ப் பொடியில் சூடான் என்ற அனுமதியில்லாத சிவப்புச் சாயம் இருந்தால் மூன்றாவது. 'மாதிரிகள் தோல்வி' என்று ஒரே வரியில் செய்தி வரும்போது, அது எந்த வகைத் தோல்வி என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். பேட்ச் எண் விட்டுப்போன பாக்கெட்டும் சாயம் கலந்த பொடியும் ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்பட்டால், படிக்கிறவர் தேவையில்லாத இடத்தில் பயப்படுவார், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுவார்.

## அந்த 14 இலக்க எண்

உணவு விற்கிற எல்லோருக்கும் பதிவோ உரிமமோ வேண்டும். வீட்டு அடுப்படியில் பலகாரம் போட்டு விற்கிற ஆச்சிக்கும் இது பொருந்தும். சிறு வியாபாரிகளுக்குப் பதிவு, அதற்கு மேலே உள்ளவர்களுக்கு உரிமம். எண் 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் பதிவு.

சிறு வியாபாரிக்கான பதிவு, விண்ணப்பத்தில் அவரே தரும் விவரங்களையும் உறுதிமொழியையும் வைத்துக் கிடைப்பது. அதிகாரி நேரில் வந்து பார்த்துத்தான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டு முறுக்கை யாரும் ஆய்வகத்தில் சோதிப்பதும் இல்லை. வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி: யாருடைய வண்டி என்று தெரியும், பிரேக் பிடிக்குமா என்று தெரியாது.

இதனால் எண் வீண் என்று ஆகிவிடாது. பண்டத்தில் கோளாறு என்றால் யாரைப் பிடிப்பது என்பதற்கு அது ஒன்றுதான் துப்பு. எண் இல்லாத பாக்கெட்டை வாங்கி வயிற்றுக்குச் சேராமல் போனால், புகாரில் எழுத ஒரு முகவரிகூட இருக்காது. ஆனால் அதைத் தரமுத்திரை மாதிரி பெரிதாக அச்சடித்து, 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரம் செய்வது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான்.

## ஒரு தேன்குழல் பாக்கெட்டைப் படிக்கும் முறை

லேபிள் விதிகள் 2020இல் திருத்தி எழுதப்பட்டன. கடையில் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் பலகாரத்துக்கு இவை அப்படியே பொருந்தாது. முன்கூட்டியே கட்டி வைத்த பாக்கெட்டுக்குத்தான் முழு லேபிள். ஆனால் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. அச்சான செய்தித்தாளில் பலகாரம் கட்டித் தரக் கூடாது என்பதும் விதிதான். மை உணவில் இறங்கும் என்பதே காரணம்.

சரி, பாக்கெட்டைத் திருப்புவோம். பின்பக்கத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'அரிசி மாவு, சமையல் தாவர எண்ணெய், உளுந்து மாவு, உப்பு, எள், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஐஎன்எஸ் 319.'

1. வரிசை. எடை அதிகமானது முதலில் வர வேண்டும். இங்கே எண்ணெய் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. அதாவது உளுந்து மாவைவிட எண்ணெய் அதிகம்.

2. எண்ணெயின் பெயர். 'தாவர எண்ணெய்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயிலா, சூரியகாந்தியா என்று பெயர் சொல்ல வேண்டும் என்கிறது விதி. இந்த மாதிரி லேபிள் அந்த இடத்திலேயே பிழை. செட்டிநாட்டுப் பலகாரத்தின் விலையில் பெரிய பங்கு எண்ணெயிலும் நெய்யிலும்தான் இருக்கிறது. ஆகவே லேபிளில் மற்ற எதையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியையாவது பார்க்க வேண்டும்.

3. ஐஎன்எஸ் எண். இது சேர்மானப் பொருள்களுக்கான சர்வதேச வரிசை எண். 319 என்பது டிபிஹெச்க்யூ, எண்ணெயில் சிக்கு வாடை வராமல் இருக்கச் சேர்ப்பது. இதற்கு அனுமதி உண்டு, கூடவே உச்ச அளவும் உண்டு. ஐஎன்எஸ் எண்ணைப் பார்த்ததும் விஷம் என்று முடிவு கட்டுவது தவறு: 330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி. அதே சமயம் 102, 110 என்று பார்த்தால் அவை டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்ற செயற்கை நிறங்கள். மஞ்சள் பொடியிலும் மிளகாய்ப் பொடியிலும் எந்த நிறமும் சேர்க்கக் கூடாது.

4. ஒவ்வாமை. கோதுமை முதலான பசையம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, நிலக்கடலையும் முந்திரி-பாதாம் வகைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவற்றை இந்திய விதி தனியே சொல்லச் சொல்கிறது. எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் கட்டாயமாகச் சொல்ல வேண்டும். தேன்குழல், சீடை, அதிரசம் என்று எதை எடுத்தாலும் எள் வரும் ஒரு வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் இதைத் தாமாகவே எழுதுவது நல்லது.

5. சதவீதம். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். 'கவுனி அரிசி முறுக்கு' என்று கருப்பரிசி படம் போட்ட பாக்கெட்டில் கவுனி எவ்வளவு? மீதி சாதா பச்சரிசியா? 'நெய் மனகோலம்' என்றால் நெய் எவ்வளவு? சொல்ல வேண்டியது தயாரித்தவர் பொறுப்பு. பல பாக்கெட்டுகளில் இந்த ஒற்றை எண் இல்லாமலே இருக்கிறது, யாரும் கேட்பதும் இல்லை.

6. ஊட்டச்சத்து அட்டவணை. 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்றும் இருக்கும். ஒரு வேளை என்பதை 20 கிராம் என்று வைத்தால் எல்லா எண்ணும் சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு அடிப்படை 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 200 கிராம் பாக்கெட்டை ஒருவரே முடிக்கும்போது அன்றைய கணக்கில் 1600 போய்விட்டது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

7. தேதி. 'இதற்குள் சாப்பிட்டால் நல்லது' என்பது ருசிக்கான தேதி. 'காலாவதி' என்பது அதற்குப் பிறகு விற்கவே கூடாத தேதி. 2020 விதிகளில் இரண்டாவதுதான் கட்டாயம். எத்தனை நாள் என்பதைத் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

மசாலாப் பொடிக்கு ஒரு விலக்கு உண்டு: ஊட்டச்சத்து அட்டவணை தேவையில்லை. ஒரு கரண்டி சேர்ப்பதால் வரும் கலோரி பெரிதில்லை என்பது காரணம், நியாயமும்கூட.

## 'வீட்டு முறை', 'பாரம்பரியம்', 'செட்டிநாடு'

2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் இந்த மாதிரிச் சொற்களுக்கு எல்லை போடுகின்றன. 'பாரம்பரியம்' என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் செய்முறை தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அதன் இயல்பான தன்மையும் மாறாமல் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் செய்துவிட்டு 'வீட்டில் செய்தது' என்று தவறான எண்ணம் வரும்படி போடக் கூடாது. பிராண்டு பெயரிலேயே 'சுத்தம்', 'அசல்' போன்ற சொல் இருந்து அது வாங்குகிறவரைக் குழப்பும் என்றால், இது வெறும் பெயர்தான், பண்டத்தின் தன்மையைக் குறிப்பதல்ல என்று எழுத வேண்டும்.

'செட்டிநாடு' என்ற சொல் இந்த விதிகளில் எங்கும் அகப்படாது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பக்கத்து மணப்பாறை முறுக்குக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் கிடைத்தது. ஆனால் 'செட்டிநாடு சிக்கன் மசாலா' என்று எந்த மாநிலத்துத் தொழிற்சாலையும் அச்சடிக்கலாம். அதில் கல்பாசியும் மராட்டி மொக்கும் இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. செட்டிநாடு என்பது அங்கே ஒரு ருசியின் பெயர், ஊரின் பெயர் அல்ல. இந்தப் பகுதியில் கையால் சுற்றிச் சுட்டு விற்கிறவர்களுக்கு இதில் நேரடி நஷ்டம் இருக்கிறது. அவர்கள் பல தலைமுறையாகச் சேர்த்த பெயரில் மற்றவர்கள் விற்கிறார்கள். புகார் சொல்ல ஒரு பிரிவும் இல்லை.

## லேபிளில் வரவே வராத விஷயங்கள்

உண்மையில் ஆபத்தானவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

எத்திலீன் ஆக்சைடு. மிளகாய், மல்லி, மிளகு எல்லாம் வெயிலில் திறந்தவெளியில் காய்பவை. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அவற்றைக் கொல்ல உலகின் சில இடங்களில் இந்த வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்கா ஒரு வரம்புக்குள் அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் ஒரே பொடி ஒரு நாட்டில் விற்கிறது, இன்னொரு நாட்டில் திரும்புகிறது. நீராவியால் கிருமி நீக்குவது மாற்று வழி, செலவு கூடுதல்.

2024 ஏப்ரலிலேயே, இந்தியாவில் பதிவு செய்யப்படாத பூச்சிக்கொல்லிகளுக்கு மசாலாப் பொருள்களில் இருந்த பொதுவான வரம்பை ஆணையம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 ஆக உயர்த்தியது. மசாலாப் பொருள்களைச் சோதிப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் உலகமே கேள்வி கேட்கும் மாதத்தில் வரம்பைப் பத்து மடங்கு தளர்த்தினால் மக்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்படி விளக்கவில்லை என்பதே என் குறை.

அஃப்ளடாக்சின். மிளகாயும் நிலக்கடலையும் சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் நச்சு கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. முண்டு மிளகாய் விளையும் சீமையை ஒட்டியிருக்கும் செட்டிநாட்டில் மிளகாய் அரைக்கக் கொடுக்கிறவர்கள், காம்பைக் கிள்ளும்போதே கருத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் தனியே ஒதுக்குவது வெறும் பழக்கம் அல்ல, பாதுகாப்பு.

மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. எத்தனையாவது சட்டியில் இந்த முறுக்கு வெந்தது என்று எந்த லேபிளும் சொல்லாது. கருத்து, நுரைத்து, புகை சீக்கிரம் கிளம்பும் எண்ணெயைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் பாக்கெட்டில் வாங்குகிறவர் சட்டியைப் பார்ப்பதில்லையே.

இவற்றுக்கு ஆய்வகம்தான் வழி. தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரிக்கப்படும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சட்டத்தின் 40ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது: வாங்கியவரே கட்டணம் கட்டி, தான் வாங்கிய பண்டத்தைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம்.

## முன்பக்கத்தில் என்ன போடுவது என்ற சண்டை

பின்பக்க அட்டவணையை யாரும் படிப்பதில்லை, ஆகவே முன்பக்கத்தில் பளிச்சென்று ஒரு குறி வேண்டும் என்பதில் இப்போது எல்லோருக்கும் உடன்பாடு. எந்தக் குறி என்பதில்தான் தகராறு.

ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரும் முறை. சிலி நாடு 2016இல் கொண்டுவந்தது கறுப்பு எண்கோணம்: 'சர்க்கரை அதிகம்', 'சோடியம் அதிகம்' என்று நேரடியாகச் சொல்லிவிடும். மெக்சிகோ 2020இல் அதே வழியில் போனது. பொது நல வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் இதை முடிக்கச் சொன்னது. பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

நட்சத்திர முறையில் உள்ள கோளாறு அதன் கணக்கில் இருக்கிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்புக்குக் கழிக்கிறார்கள். நார்ச்சத்து, புரதம், பருப்பு வகைக்குக் கூட்டுகிறார்கள். கொஞ்சம் நார்ச்சத்தைச் சேர்த்தால் சர்க்கரை பிஸ்கட்டுக்கும் நட்சத்திரம் ஏறும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கூட்டிக் கழித்த மொத்தம் எதற்கு? அவருக்குத் தெரிய வேண்டியது சர்க்கரை எவ்வளவு என்பது மட்டும்தான்.

எச்சரிக்கைக் குறி வந்தால் நம் பாரம்பரியப் பலகாரமும் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு வாதம் எழுகிறது. உண்மைதான், பாக்கெட்டில் வரும் அதிரசத்துக்குச் 'சர்க்கரை அதிகம்' என்றுதான் வரும். வெல்லம் போட்டாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். வந்தால் வரட்டும். அதிரசம் இனிப்பு என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள், அந்தக் குறியால் விற்பனை படுத்துவிடாது. குறியால் அடிபடப்போவது, தன்னைச் சத்துள்ள பண்டம் என்று காட்டிக்கொள்ளும் இனிப்புகளும் பானங்களும்தான். பாரம்பரியத்தின் பெயரைச் சொல்லி அவற்றைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒரு சிரமம் மட்டும் உண்மை. விதி மாறும்போது பெரிய நிறுவனம் அடுத்த அச்சில் மாற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் கவர் அடித்து வைத்திருக்கும் சிறு கடைக்கு அது முதல் போட்ட பணம். மேலே ஸ்டிக்கர் ஒட்ட அனுமதியும் போதிய அவகாசமும் கொடுத்தால் அதுவும் தீரும்.

## எந்த மொழியில்?

2020 விதிகளின்படி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாக வேறு மொழியும் சேர்க்கலாம், தடையில்லை. அதாவது காரைக்குடியில் சுட்டு, காரைக்குடியில் கட்டி, காரைக்குடியிலேயே விற்கும் தேன்குழலில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லாவிட்டாலும் விதி மீறல் இல்லை. முழுக்கத் தமிழில் மட்டும் இருந்தால்தான் மீறல்.

தமிழ்நாட்டில் கடையின் பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. உள்ளே விற்கும் பாக்கெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பத்தாவுக்கு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒவ்வாமை வரி எப்படித் தெரியும்? முன்பக்கக் குறி பற்றி இவ்வளவு வாதம் நடக்கும்போது இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதுதான் வேதனை.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பலகாரம் போடுகிறவர்கள் சின்ன ஸ்டிக்கரில் நான்கு விஷயங்களைத் தமிழில் அடித்து ஒட்டினால் போதும்: எந்த எண்ணெய், என்ன ஒவ்வாமைப் பொருள், பெயரில் சொன்ன பொருள் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை. நான்கும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.